திருமானூரில் ஒரு ‘சீல்’ வேட்டை!

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகிற சாலை ஒன்றும் பிரமாத நீளம் கிடையாது. ஆனால், ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்தைத் தாண்டினால் திருவையாறு. இன்னும் கொஞ்சம் போனால் விளாங்குடி. அங்கே ஆறாவதாக, கை காலை நீட்டி அகலமாகப் படுத்துக் கிடக்கிறது கொள்ளிடம். பாலம் தாண்டி வடகரையில் இறங்கினால் திருமானூர்.

இந்த ஊர்க்காரர்கள் வீடு மாறாமலே மாவட்டம் மாறியவர்கள். 1995 வரை திருச்சி. அந்த வருஷம் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடியும் பெரம்பலூர். 2007-ல் திரும்பவும் அரியலூர்! அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்களுக்கு நல்ல யோகம் அடித்திருக்கும்.

சீல் என்றால் ஆபீஸ் வாசிகளான நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஊதா மையில் தோய்த்து ‘டொப்’ என்று குத்துவது. நானும் நண்பனும் திருமானூரில் தேடியது வேறு ஜாதி... ஆயில் சீல்! எஞ்சினுக்குள் சுழலுகிற தண்டு வெளியே தலை நீட்டும் இடத்தில், ஆயிலும் கூடவே கிளம்பி வந்துவிடாமல் தடுக்கிற ரப்பர் வளையம்.

நண்பனிடம் இருப்பது சாதாரண காரல்ல, ஸார். எம்.ஜி.ஏ! (‘எம்.ஜி.ஆர். ஓட்டின காரா?’ என்று வழியெல்லாம் கேட்டார்கள். இல்லை. எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ்.) இங்கிலாந்தில் 1955-லிருந்து 1962 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து, பெரும்பாலானவற்றைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்படியோ ஒன்று தஞ்சாவூர் வந்து நண்பனின் அப்பா கையில் சிக்கியது. அவர் காலமானபிறகு பல வருஷம் ஷெட்டில் தூங்கியதை, இவன் மூன்று வருஷ போனஸைக் கொட்டி எழுப்பியிருந்தான்.

எழுந்த கார் சும்மா இருக்குமா? ஆயில் ஒழுகியது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில் சொட்டுச் சொட்டாக. சென்னையில் ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டதற்கு, “எஞ்சினை இறக்கணும், கிராங்க் தண்டைக் கடைஞ்சு புது மாடல் சீல் போடணும்” என்று முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட் தந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

பணம்கூடப் போகட்டும். அப்பா ஓட்டிய எஞ்சினின் ஒரிஜினல் கிராங்க். ஒரு தரம் கடைந்துவிட்டால் பழையபடி ஆக்கமுடியாது. நண்பனுக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. “பொருத்தமான சீல் எங்கயாவது இல்லாமயா போயிடும்?” என்று சென்னை, திருச்சி என்று அலைந்து, நாலு சீல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். நாலும் நாலு சைஸ். தாலிக்குத் தங்கம் வாங்கினவன்கூட இத்தனை பத்திரமாக வைத்திருக்கமாட்டான்.

மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. கரைவெட்டிக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று கிளம்பினோம். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் வண்டிக்கடியில் புகை. ஒழுகிய ஆயில் சைலன்ஸர் குழாயில் பட்டுக் கருகுகிற வாசனை. ஆறு ஆறுகளைத் தாண்டிவந்த எங்களுக்கு ஏழாவது ஆறு, எங்கள் எஞ்சினிலிருந்தே உற்பத்தியாகிக்கொண்டிருந்தது!

முதலில் போனது டிராக்டர் ஸ்பேர் கடை. நெல்லும் கரும்புமாக இருக்கிற பக்கம் அல்லவா? ஆயில் சீல்கள் மாலை மாலையாகத் தொங்கின. கடைக்காரருக்கு முப்பது வயசு இருக்கும். நண்பன் நீட்டிய நாலையும் வாங்கி, வெர்னியரால் அளந்தார்.

“சீல்ல மூணு நம்பர் இருக்கும் சார். உள் அளவு, வெளி அளவு, கனம். உள் அளவு தண்டுக்கு, வெளி அளவு அது உக்கார்ற குழிக்கு. இங்கிலீஷ் வண்டி இஞ்ச் கணக்கு, நம்ம புது வண்டியெல்லாம் மில்லிமீட்டர். ‘கிட்டத்தட்ட சரியா இருக்கு’ன்னு தட்டி ஏத்தினீங்கன்னா, கிட்டத்தட்ட நிக்கும்!”

“அளவு சரியா இருந்தா டிராக்டர் சீலையே போடலாமா?” என்றேன்.

“டிராக்டர் பின்னாடி சுத்துற பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து. உங்க கார்ல கிராங்க் அஞ்சாயிரம் சுத்தும். ஒரே அளவா இருந்தாலும் அந்த வேகத்துல சாதா ரப்பர் உதடு சூடேறிக் கருகிடும். சூடு தாங்குற விட்டான் ரப்பர் வேணும். கலரைப் பார்த்தும் நம்பக் கூடாது. பிரவுனா இருக்கிறதெல்லாம் விட்டான் இல்ல. அப்புறம் ஒண்ணு... ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா புது சீலும் ஒழுகும்.”

பி.இ. மெக்கானிக்கலில் நாலு வருஷம் சொல்லித்தருவதை நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஆனால், “இந்த வண்டிக்கு எது?” என்றதும் வெர்னியரைக் கீழே வைத்தார். “அதுக்கு எங்க பெரியப்பாதான் சரி. அந்தக் காலத்து டாக்ஸி மெக்கானிக்.”

பெரியப்பா வந்தார். எழுபதைத் தாண்டிய வயசு, மடித்துக் கட்டிய வேட்டி, காதில் சொருகிய பென்சில். பானட்டைத் தூக்கிப் பார்த்தவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி, ஊரைவிட்டுப் போன பெண் திரும்பி வந்ததைப்போல.

“அட... இது நம்ம அம்பாஸிடர் எஞ்சின்!”

நண்பனுக்குச் சுருக்கென்றது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து யார் அப்படிச் சொன்னாலும் கோபம் வரத்தானே செய்யும்?

ஆனால், பெரியவர் சொன்னது சத்தியம். பி.எம்.சி. கம்பெனியின் ‘பி-சீரிஸ்’ என்கிற 1489 சி.சி. எஞ்சின்தான் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது. அதுவேதான் முதல் எம்.ஜி.ஏ-விலும். ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய வாரிசான நம் அம்பாஸிடரும் முதலில் சில காலம் பழைய சைட்-வால்வ் எஞ்சினோடு ஓடிவிட்டு, பிறகு இந்த எஞ்சினுக்கே வந்து சேர்ந்தது. எம்.ஜி-க்கு இரண்டு கார்புரேட்டர், எழுபது குதிரை. அம்பாஸிடருக்கு ஒரு கார்புரேட்டர், ஐம்பது சொச்சம் குதிரை. ஒரே வீட்டில் பிறந்து ஒருத்தன் ரேஸுக்குப் போனான், இன்னொருத்தன் கலெக்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவ்வளவுதான்!

நண்பன் நாலு சீலையும் நீட்டினான். “இதுல எதுங்கய்யா பின்பக்கத்துக்குப் பொருந்தும்?”

பெரியவர் அவற்றைத் தொடக்கூட இல்லை.

“எதுவும் பொருந்தாது தம்பி. இந்த எஞ்சினுக்குப் பின்பக்கம் சீலே கிடையாது.”

“கிடையாதா?”

“கிராங்க் கடைசியில மரை மாதிரி வெட்டியிருக்கான். எஞ்சின் சுத்துறப்ப அந்த மரை ஆயிலை உள்ளாரவே திருப்பி ஓட்டிவிட்டுடும். ரப்பருக்கு அங்க வேலையே இல்ல. முன்பக்கம் டைமிங் கவர்ல உண்டு. பழசுல கம்பளி மாதிரி ஃபெல்ட், அப்புறம் வந்ததுல ரப்பர். பின்னாடி மரைதான்.”

வண்டிக்கு அடியில் கை காட்டினார். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஊசலாடும் ஒரு பின். கொஞ்சம் ஆயில் கசியும் என்று தெரிந்து, அது கிளட்ச்சில் ஏறாமல் கீழே சொட்டிவிட கம்பெனிக்காரனே வைத்த வழியாம். வெள்ளைக்காரன் நேர்மையைப் பாருங்கள்!

“சரி, கசியறது நியாயம். ஆனா இது கொட்டுதே அய்யா?”

“அப்படிக் கேளுங்க” என்றார். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறக்கச் சொன்னார். இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல் புஸ்ஸென்று ஆவி!

“உள்ளார காத்து அடைபட்டுக் கிடக்கு. பிஸ்டனைத் தாண்டி வர்ற காத்து வெளிய போக வழி வேணும். வழி இல்லேன்னா ஆயிலைத் தள்ளிக்கிட்டு கிடைச்ச சந்துல போகும். மரை பாவம் எவ்வளவுதான் தாங்கும்?”

மூச்சு விடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, மேல் மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ஹோஸ். பளபளவென்று புது ரேஸ் ஃபில்டர் மாட்டிய யாரோ ஒரு புண்ணியவான், அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு வாயில் போல்ட் அடித்திருந்தான். இரண்டாவது, எஞ்சின் பக்கவாட்டிலிருந்து கீழே இறங்கும் குழாய். பெரியவர் அதைக் கழற்றிக் கம்பியால் குத்தினார். மண் உதிர்ந்தது. குளவிக்கூடு! ஷெட்டில் தூங்கிய வருஷங்களில் குடித்தனம் வந்திருக்கிறது.

“குளவி கூடு கட்டினா வீட்டுல புள்ள பொறக்கும்பாங்க. தம்பிக்கு எத்தினி?” என்றார்.

“இன்னும் கல்யாணமே ஆகலீங்க.”

“திருமழபாடி பக்கத்துலதான். பங்குனியில வாங்க. ‘நந்தி கல்யாணம் பார்த்தா முந்திக் கல்யாணம்’!”

குழாயையும் அதனுள் இருந்த கம்பி வலையையும் மண்ணெண்ணெயில் அலசி மாட்டினார். போல்ட்டைப் பிடுங்கி, ஹோஸ் ஒன்று வெட்டி ஃபில்டரோடு இணைத்தார். மறுபடி ஸ்டார்ட். மூடியைத் திறந்தால் சாதுவாக லேசான புகை.

“முழுசா நிக்கும்னு சொல்லமாட்டேன். அது இந்த எஞ்சினோட குணம். நூறு கிலோமீட்டருக்கு ஒருக்கா குச்சியை எடுத்து ஆயில் அளவு பாருங்க. மறுபடி வேகமா இறங்கினா பேரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்ப இறக்கலாம். அதுக்கு முன்னாடி கிராங்க்ல கை வைக்காதீங்க” என்றார். கூலி இருநூறு ரூபாய். டீ அவர் செலவு.

நமக்கெல்லாம் ஒரு பழக்கம்: எங்கே ஒழுகுகிறதோ அங்கேயே அடைக்கப் பார்ப்போம். ஆபீஸில் ஃபைல் தேங்கினால்கூட க்ளார்க் தலையில்தான் முதல் குட்டு. அடைப்பு எங்கே என்று யார் பார்க்கிறார்கள்?

அங்கிருந்து கரைவெட்டி. 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த பெரிய ஏரி. இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் தண்ணீரில் கூட்டமாக மிதந்தன. நண்பன் வாத்துகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வண்டிக்கடியில் விரித்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டு சொட்டு. மூன்றாவது விழவில்லை. திங்கட்கிழமைவரைகூடக் காத்திராமல் அங்கேயே போனை எடுத்துச் சென்னைக்கு, “வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டான்.

அந்த நாலு சீல்? புறப்படும்போது பெரியவரிடமே கொடுக்கப் பார்த்தான். அவர் நாலையும் நெருடிப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“பம்ப் செட்டுக்கு ஆகும்!”