தும்பளை ஒழுங்கையில் ஒரு பழைய வீடு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் என்று ஊர்கள் வரிசையாக வரும். நீர்வேலியில் வீதியோரம் வாழைத்தோட்டங்கள். செம்மண் முடிந்து மண்ணின் நிறம் மாறிய பிறகு வல்லை வெளி. அங்கே வீடும் இல்லை, நிழலும் இல்லை. தொண்டைமானாற்றுக் காற்று பஸ் யன்னலால் அடித்து முகத்தில் உப்பைத் தடவிவிட்டுப் போகும். முனியப்பர் கோவிலடியில் பஸ் நின்று, உண்டியலில் காசு விழுந்த பிறகுதான் நகரும். அதன் பின்னர் நெல்லியடி, மந்திகை, கடைசியில் பருத்தித்துறை.

2021 ஆம் ஆண்டில், கொரோனாத் தடைகள் இல்லாத கிழமைகளில் எல்லாம், நானும் எனது கணவரும் இந்தப் பாதையால் போய் வந்தோம். தும்பளைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் பழைய வீடொன்று விலைக்கு இருப்பதாக அறிந்ததே காரணம். இந்த இதழை வாசிக்கும் சகோதரிகள் பலர் வீடு, காணி, உறுதி என்று அலைந்து களைத்தவர்கள். அதனால்தான் எங்கள் வீட்டுக் கதையை இங்கே எழுதத் துணிகிறேன்.

சொந்த வீட்டில் வாழ்ந்த நினைவு எனக்கு இல்லை. 1990 இல் மயிலிட்டியை விட்டு எங்கள் குடும்பம் ஓடிவந்தபோது நான் கைக்குழந்தை. பிறகு உறவினர் வீடு, வாடகை அறை, நலன்புரி நிலையம். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2017 இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை விடுவித்தபோது அம்மாவோடு போனேன். அவர் கிணற்றைத்தான் அடையாளம் கண்டார். “குசினி இதிலைதான்” என்று ஒரு பற்றையைக் காட்டினார். அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. வாங்கினால் ஒரு பழைய வீடுதான் வாங்கவேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்திருக்க வேண்டும்.

கணவருக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. அவர் கிளிநொச்சிப் பக்கத்தவர், பாடசாலை ஆசிரியர். இடப்பெயர்வுகளில் தறப்பாளுக்குக் கீழே படித்து வளர்ந்தவருக்குப் புதுச் சீமெந்தின் மணம்தான் வீட்டின் மணம். “மற்றவையின்ரை பழைய ஒழுக்கை நாங்கள் காசு குடுத்து வாங்கிறதே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

பருத்தித்துறையில் இறங்கி, தட்டை வடை ஒரு பை வாங்கிக்கொண்டு தும்பளை வீதியால் நடந்தோம். அந்த வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. வீதியை மூடிக் கூரை போட்டு, இருபக்கமும் வெள்ளைக் கல்லில் தூணும் திண்ணையும் கட்டிய மடம். வாகனங்கள் அதற்குள்ளால்தான் போய்வருகின்றன. வெயிலில் வந்த எவரும் யாரையும் கேட்காமல் அதிலே இருந்து இளைப்பாறலாம். நாங்களும் இருந்தோம். கல் குளிர்ந்து கிடந்தது. “இப்பிடிக் கட்டினதெண்டால் பரவாயில்லை” என்று இவர் சொன்னது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

வீடு அப்படி இருக்கவில்லை. நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் அறையும் விறாந்தையுமாக ஒருகாலத்தில் எழும்பிய நாற்சார் வீடு. கிழக்குப் பக்கக் கூரை உள்ளே இறங்கியிருந்தது. சுவர் வெடிப்பில் அரசங்கன்று ஒன்று என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. விறாந்தைத் தூண்களில் செல் சிதறிய காயங்கள். கோடிப்புறத்தில் தூர்ந்த பங்கர். ஆனால் தலைவாசல் கதவும் நிலையும் அப்படியே இருந்தன. சிவப்புச் சீமெந்துத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தேன். தூசுக்குக் கீழே மினுக்கம் தெரிந்தது.

சொந்தக்காரி எண்பது வயது கடந்த ஆச்சி. அடுத்த ஒழுங்கையில் தங்கையோடு இருந்தார். மகள் கனடாவில், மூத்த மகன் ஜேர்மனியில். இளைய மகன் வேலைக்காக வன்னிக்குப் போனவர். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட்டதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய சேதி இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் போராட்டம் தொடங்கியபோது, பஸ் மாறி மாறிப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு முழங்கால் விடவில்லை.

அதற்கு முதல் ஒருவர் எங்களைவிடக் கூடிய விலைக்குக் கேட்டிருந்தார். வீட்டை இடித்துக் கடைத்தொகுதி கட்டுவது அவருடைய நோக்கம். ஆச்சி மறுத்துவிட்டார். எங்களிடம் நேரடியாகவே சொன்னார்: “பிள்ளை, எனக்குக் காசும் தேவைதான். ஆனால் இதைத் திருத்த என்னாலை ஏலாது. விழுந்து போச்செண்டால் அவன் வந்து எங்கை நிக்கிறது? இருந்து விளக்கேத்திற ஆக்களுக்குத்தான் குடுப்பன்.”

விற்கிறவர் ஒருவர் வீடு நிற்கவேண்டும் என்பதற்காகவே விற்கிறார். சமூகப் பணியில் எத்தனையோ காணிப் பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சிக்கல் பத்திரத்தில் வந்தது. வளவு ஆச்சியின் கணவருடையது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், ஆச்சியும் அப்படியே நினைத்திருந்தார். கணவர் இறந்துவிட்டதால் பிள்ளைகள் மூவருக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டில் உள்ள இருவரும் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். மூன்றாமவருடைய கையெழுத்துக்கு என்ன செய்வது? நாங்கள் போன நொத்தாரிசு, மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுலபம் என்றார். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி உண்டு என்று நான் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு பங்கை எழுதிவிட முடியாது, நீதிமன்றம் போகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆச்சி எழும்பினார். “என்ரை பிள்ளை செத்திட்டான் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். வீடு வேண்டாம், விடுங்கோ” என்றார். பிறகு பஸ் தரிப்பிடம் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்கும் பேச்சு வரவில்லை. இதே சான்றிதழ் விடயமாக எத்தனை தாய்மாருக்கு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து விளக்கம் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கு எனக்கும் அந்தக் கையெழுத்தால் ஆதாயம் இருந்தது. அந்த நினைப்பே கூசியது.

வாங்கும் எண்ணத்தை ஏறக்குறையக் கைவிட்டிருந்தோம். ஆனாலும் பழைய உறுதியை ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்தோம். இரண்டு மாதம் அலைந்த பின் பிரதி கிடைத்தது. அது ஆச்சியின் கலியாணத்தின்போது தாய் தகப்பன் எழுதிய சீதன உறுதி. வளவும் வீடும் ஆச்சியின் பெயரில் மட்டுமே இருந்தன. அறுபது வருடத்துக்கு மேலாகத் தன் சொத்தையே கணவருடையது என்று அவர் எண்ணியிருக்கிறார்!

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது தேசவழமையைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட வழமை. பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், மணவாழ்வில் சேர்த்தது தேடியதேட்டம். சீதனம் பெண்ணுடைய தனிச் சொத்து. இருந்தும், மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம் எழுதிவைத்தது. இதை மாற்றவேண்டும் என்று பெண்கள் பலகாலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆச்சியின் கணவர் இல்லாததால் அந்தச் சம்மதம் தேவைப்படவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் எவருக்கும் அதில் பங்கும் இல்லை. இளைய மகனை இறந்தவராக எழுதவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

செய்தியைச் சொல்லப் போனபோது ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “என்ரை பேரிலையோ?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப எனக்குத்தானே தெரியும் ஆருக்குக் குடுக்கிறதெண்டு” என்றார்.

உறுதி எழுதும் நாளில் இன்னொரு சிறு தகராறு. நொத்தாரிசு வரைந்து வைத்திருந்த பத்திரத்தில் வாங்குபவர் என்று கணவரின் பெயர் மட்டும் இருந்தது. வங்கிக் கடன் அவருடைய சம்பளத்தின் மேல் எடுத்தது. எனது பங்குக்குச் சேமிப்பும் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளும் போயிருந்தன. யாருடைய பெயரில் எழுதினாலும் தேடியதேட்டம்தானே என்றார் நொத்தாரிசு. சட்டம் அப்படித்தான். ஆனால் கணவர் காணாமல் போன பின், அவருடைய பெயரில் மட்டும் இருந்த உறுதியை வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய பெண்களை எனக்குத் தெரியும். உரிமை இருப்பது வேறு, அதை ஒரு மேசைக்கு முன்னால் நின்று நிரூபிப்பது வேறு. “இரண்டு பேரையும் எழுதுங்கோ” என்றேன். நொத்தாரிசு இவரைப் பார்த்தார். “அவ சொல்லுறபடி எழுதுங்கோ ஐயா” என்று இவர் சொன்னார். பத்திரம் திரும்பவும் தட்டச்சுக்குப் போனது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

திருத்த வேலை 2022 இல் தொடங்கியது. நாட்டில் பணம் கவிழ்ந்த வருடம். அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபாவுக்குச் சற்று மேலே விற்ற சீமெந்துப் பை, அந்த வருட நடுவில் மூவாயிரம் ரூபாவைத் தொட்டது. பெற்றோலுக்கு வரிசையில் நின்றுவிட்டு மேசன்மார் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்கள், சில நாள் வரவே இல்லை. பழைய வீடு வாங்கியது சரியா பிழையா என்று இரவில் இரண்டு பேரும் கணக்குக் கொப்பியோடு சண்டை பிடித்தோம்.

அந்தத் தட்டுப்பாடே ஒரு நன்மையும் செய்தது. சுவருக்குச் சீமெந்து பூசத்தான் திட்டம் இருந்தது. வயதான மேசன் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, இது சுண்ணாம்புச் சாந்துச் சுவர், மேலே சீமெந்து பூசினால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் சில வருடத்தில் தோலைப் போல உரியும், கடற்காற்று உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம் என்றார். சுண்ணாம்பை ஊறவைத்துக் குழைத்து அதையே பூசினோம். ஆறுதலாகத்தான் காய்ந்தது. சகோதரிகள் எவரேனும் பழைய சுவரைத் திருத்துவதாக இருந்தால், பூச முதல் அதிலே என்ன இருக்கிறது என்று ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

கூரைக்கு வந்த ஓடாவி கிழக்குப் பக்கத்து மரங்களை ஒவ்வொன்றாக வெட்டிரும்பால் குத்திப் பார்த்தார். முகட்டு வளையும் பனஞ்சிலாகைகளில் பெரும்பாலானவையும் வைரமாக இருந்தன. மழை ஒழுகிய முனைகளை மட்டும் கறையான் தின்றிருந்தது. முற்றிய பனையில் அறுத்த மரம் நனையாமல் இருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்றார். ஓடுகளை இறக்கிக் கழுவி, உடையாததைத் திரும்ப ஏற்றினோம். அரசங்கன்றை வெட்டினால் போதாது, வேர் இருந்தால் திரும்பவும் முளைக்கும் என்பதால் அந்தச் சுவரில் ஆறு அடி இடித்துத் திரும்பக் கட்டவேண்டி வந்தது. கிணற்றை மூன்று தரம் இறைத்துக் குளோரின் போட்டோம். பங்கரை மூடுமுன் கிராம சேவையாளருக்கு அறிவித்தோம். உள்ளே ஒரு அலுமினியச் சட்டியும் சிறுவர் செருப்பு ஒன்றும் இருந்தன.

மலசலகூடம்தான் பெரிய வாக்குவாதம். பழைய வீடுகளில் அது வளவின் மூலையில் தூரத்தில் இருக்கும், இரவில் பெண்களுக்குச் சிரமம். குசினிக்குப் பக்கத்தில், கோடிப்புற மதிலோடு சேர்த்துக் கட்டுவதாகப் படம் கீறியிருந்தோம். அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்த அன்று ஆச்சி வந்தார். கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “அதிலை படலை இருக்கெல்லே பிள்ளை” என்றார். துருப்பிடித்த சின்னத் தகரப் படலை. மதிலை மூடும்போது எடுத்துவிடத்தான் இருந்தோம். “அவன் முன்னாலை வாறேல்லை. பள்ளிக்கூடம் விட்டும் சரி, பந்தடிச்சுப்போட்டும் சரி, பின்படலையாலைதான் வாறவன். இருட்டிலை வந்தாலும் கைவிட்டுக் கொளுக்கியைத் திறப்பன் எண்டுவான்.”

வீடு எங்களுடையது, உறுதியில் எங்கள் இருவரின் பெயரும் இருக்கிறது. ஆச்சி எதையும் கேட்கவுமில்லை, சொன்னார், அவ்வளவுதான். மேசன் அண்ணை கயிற்றைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். குழியை வடக்குப் பக்கம் தள்ளினால் குழாய் கூடும், கிணற்றில் இருந்து விட வேண்டிய தூரமும் பார்க்கவேண்டும். செலவு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த கணவரின் முகம் சுருங்கியது. மூன்று நாள் வேலை நின்றது. நாலாம் நாள் காலையில் அவரே கயிற்றை எடுத்து வடக்குப் பக்கம் பிடித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 2009 இல் அவருடைய சித்தப்பாவும் வட்டுவாகலுக்கு அப்பால் வந்து சேரவில்லை.

2023 தைப்பொங்கலுக்குப் பால் காய்ச்சினோம். என் அம்மா மயிலிட்டிக் கிணற்றடியில் இருந்து ஒரு கல் எடுத்து வந்து முற்றத்து ஓரத்தில் வைத்தார். மேற்குப் பக்கத்து இரண்டு அறைகள் இன்னும் பூசவில்லை, காசு சேரச் சேரத்தான். மழைக்கு ஒரு இடத்தில் ஒழுகுகிறது, அதற்குக் கீழே சருவம் வைக்கிறோம். பின்படலைக்குப் பழைய தகரத்தையே தட்டி நிமிர்த்திப் புதுப் பிணைச்சல் போட்டிருக்கிறோம். பூட்டு இல்லை, கொளுக்கி மட்டும்.

ஆச்சி வெள்ளிக்கிழமைகளில் வருவார். முன்னால் வந்து, தேத்தண்ணி குடித்து, முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தால் போவார். போகிறபோது கொளுக்கியை ஒருதரம் தூக்கி விட்டுப் பார்ப்பார். போன கிழமை அது கிறீச்சென்றது.

“எண்ணெய் விடேல்லையோ பிள்ளை?”

“நாளைக்கு விடுறன் ஆச்சி.”

“இண்டைக்கே விடு” என்றுவிட்டு ஒழுங்கையால் நடந்தார். குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன்.