கால்களை மெதுவாக்கிய இரண்டாம் பாகம்

‘பாத் ஆஃப் எக்ஸைல் 2’ கேம் 2024 டிசம்பர் 7ஆம் தேதி, இந்திய நேரப்படி நள்ளிரவு 12:30 மணிக்குத் திறந்தது. ஹைதராபாத்துக்கு அந்த வாரம் அது இரண்டாவது இரண்டாம் பாகம். ‘புஷ்பா 2’ படம் டிசம்பர் 5ஆம் தேதியே திரைக்கு வந்துவிட்டது. சினிமாவின் தொடர்ச்சிக்கு முதல் காட்சி முடிந்து வெளியே வரும்போதே தீர்ப்பு சொல்லிவிடலாம். ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேமுக்கு அது நடக்காது. நூறு மணி நேரம் ஆடுவதற்கென்று செய்த ஒன்றில் முதல் மூன்று மணி நேரம் கதையைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. அது சொல்வது கையைப் பற்றி. முந்தைய பாகத்தில் பழகிய விரல்கள் புதியதில் எங்கே இடறுகின்றன என்பதுதான் இந்த வகை கேமின் முதல் அபிப்பிராயம்.

மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், கூட்டமாக வரும் அரக்கர்கள், அவர்கள் செத்து விழும் இடத்தில் சிதறும் ஆயுதங்கள் என்ற இந்த வகையின் அச்சு 1990களின் இறுதியில் வந்த ‘டயாப்லோ’வில் வார்க்கப்பட்டது. அதில் நாயகன் நடப்பான். நடக்க மட்டுமே செய்வான். ஊருக்குள் ஒருவரைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் போவதற்கே பொறுமை வேண்டும். 2000 ஜூனில் வந்த ‘டயாப்லோ 2’ அவனை ஓடவிட்டது. மூச்சு தீரும்வரை ஓடலாம், தீர்ந்தால் நடக்கவேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தது. பிறகு வந்த கேம்கள் அந்தக் கட்டுப்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயின. நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் வெளியிட்ட முதல் ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ அந்த வேகத்தின் உச்சிக்குப் போனது. நன்றாகத் தேறிய ஒரு பாத்திரத்துக்கு அதில் எதிரியின் முகம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் திரை வெடிக்கும். மிச்சம், பொறுக்குகிற வேலை.

இரண்டாம் பாகம் இந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. கதை முதல் பாகத்துக்குச் சுமார் 20 ஆண்டுகள் கழித்து நடக்கிறது, தூக்குமேடையில் தொடங்குகிறது. தப்பி ஆற்றில் விழுந்து, கரை ஒதுங்கி, கையில் கிடைத்த ஆயுதத்தோடு எழுந்து நடக்கும்போது, முகாமுக்குப் போகும் வழியை ஊதிப் பெருத்த ஓர் ஆலைக்காரன் மறிக்கிறான். இதுதான் முதல் பாஸ். பழைய பாகத்தின் பழக்கத்தில் அவன் முன்னால் நின்று ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பவர் இரண்டு மூன்று அடியில் விழுந்துவிடுவார். அவன் கோடரியை ஓங்குவதற்கு முன் உடம்பு காட்டும் சைகையைப் படிக்கவேண்டும், சரியான கணத்தில் உருண்டு விலகவேண்டும், அடித்துவிட்டுப் பின்வாங்கவேண்டும். மவுஸால் சொடுக்கி நகர்ந்தவர்களுக்கு இப்போது விசைப்பலகையின் நான்கு எழுத்துகளால் நகரவும் வழி உண்டு. நடந்துகொண்டே வேறு திசையில் அம்பு எய்யலாம் என்பதால் வில்லாளியின் ஆட்டமே இதில் மாறிவிடுகிறது.

இந்தக் கண்டிப்பு முதல் அங்கம் முழுக்கத் தொடர்கிறது. செத்தால் அருகிலுள்ள நடுகல்லில் எழலாம். ஆனால் அந்தப் பகுதியில் கொன்ற அரக்கர்கள் எல்லாரும் மறுபடி உயிரோடு நிற்பார்கள். அங்கத்தின் முடிவில் வரும் கவுன்ட் கியோனர் முதலில் வாளேந்திய மனிதனாகவும் பிறகு ஓநாயாகவும் சண்டையிடுகிறான். ஓநாய் பனிமூட்டத்துக்குள் மறைந்து எங்கிருந்து பாயும் என்று தெரியாத அந்தச் சில நொடிகள் இந்த வகை கேம்களில் அபூர்வமானவை. எண்களைக் கூட்டி வெல்லும் வகை என்று பெயரெடுத்த ஒன்று இங்கே கவனத்தால் வெல்லும் வகையாகிறது. முதல் மணி நேரங்களின் பெரிய சாதனை இதுதான். படங்களின் அழகு, மழையின் சத்தம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

உள்ளே இருக்கும் இயந்திரமும் பிரித்துப் பூட்டப்பட்டிருக்கிறது. முதல் பாகத்தில் திறமைக் கற்களைப் பதிக்கும் குழிகள் சட்டையிலும் காலணியிலும் இருந்தன. குழியின் நிறமும் இணைப்பும் ஒத்துவராவிட்டால் எவ்வளவு நல்ல கவசம் கிடைத்தாலும் பயனில்லை. இப்போது குழிகள் திறமைக் கல்லுக்குள்ளேயே வந்துவிட்டதால் கவசத்தைத் தயங்காமல் மாற்றலாம். பணமே இல்லாமல் உருண்டைகளைப் பண்டமாற்றுச் செய்து ஓடிய பொருளாதாரத்துக்குள் தங்கக் காசு நுழைந்திருக்கிறது. மாறாதது அந்தப் பிரம்மாண்டமான திறன் மரம். ஏறத்தாழ 1,500 கணுக்கள், எல்லா வகுப்புகளுக்கும் பொது, தொடங்கும் இடம் மட்டும் வேறு. புதியவர் அதைத் திறந்து பார்த்து உடனே மூடுவது வழக்கம். அந்தப் பயம் பாதி நியாயமானது, ஏனென்றால் தவறாகப் போட்ட புள்ளியைத் திரும்பப் பெறத் தங்கம் கட்டவேண்டும். தொடக்க வாரங்களில் அது நன்றாகவே வலித்தது.

இதே வகையில் இந்த மரத்துக்கு நேரெதிரான ஒரு விடையை ஹைதராபாத் ஏற்கெனவே எழுதியிருந்தது. அந்த நகரத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ 2017இல் வெளியிட்ட ‘அசுரா’ இந்தியத் தொன்மங்களிலிருந்து அரக்கர்களை எடுத்துக்கொண்ட வெட்டு-குத்து கேம். அதிலும் திறன் மரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை ஆடும்போதும் மரம் புதிதாக முளைக்கும். செத்தால் எல்லாம் போய் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆக்லாந்தின் மரம் மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கவேண்டிய பாடம். ஹைதராபாத்தின் மரத்தை மனப்பாடம் செய்ய முடியாது, கண்ணில் பட்டதை வைத்து அந்தக் கணத்தில் முடிவெடுக்கவேண்டும். ஒரு மாலையில் முடிந்துவிடும் ஆட்டத்துக்கு இரண்டாவதே பொருத்தம். செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள சிடிசி கடைகளில் விலை பேசி ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கணினி கட்டிய தலைமுறைக்கு, சின்ன கிராபிக்ஸ் கார்டில் ஓடக்கூடியதும் ‘அசுரா’தான். முதல் அபிப்பிராயத்தைச் சம்பாதிக்க இங்குள்ள சிறு குழுக்களுக்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம். பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்து 2025இல் சென்னைக்கு வந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாட்டின் அரங்கில் ஒருவர் நின்றபடி ஆடிப்பார்க்கும் சில நிமிடங்களுக்குள் கேம் தன்னைச் சொல்லிவிடவேண்டும். மூன்று மணி நேரம் பொறுத்துப்பாருங்கள் என்று கேட்பது பெரிய நிறுவனத்தின் வசதி.

அந்தப் பெரிய நிறுவனமும் முழுமையான கேமைத் தரவில்லை. திறப்பு நாளில் வந்தது ஏர்லி ஆக்சஸ், அதாவது பணம் கட்டி உள்ளே போகும் முற்றுப்பெறாத பதிப்பு. முழுமையாக வெளியாகும்போது இலவசம் என்று அறிவித்துவிட்டு, முன்னால் வருபவர்களிடம் 30 டாலர் வாங்கினார்கள். ஆறு வகுப்புகளும் மூன்று அங்கங்களும் இருந்தன. மூன்றும் முடிந்தால் அதே மூன்றைக் கடினமாக்கி மறுபடி ஆடவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் முதல் வார இறுதியில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். சர்வர் திணறியது, உள்ளே நுழைய வரிசை நின்றது.

குறைகள் கதை முடிந்த பிறகு திறக்கும் களங்களான வரைபடங்களில்தான் குவிந்தன. அங்கே எதிரிகள் முதல் பாகத்தின் வேகத்தில் மொய்த்தார்கள், ஆடுபவரோ இரண்டாம் பாகத்தின் கால்களோடு நின்றார். ஒரு முறை செத்தாலே வரைபடமும் அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கும் போயின. சைகையைப் படி என்று மூன்று அங்கங்களில் சொல்லிக்கொடுத்துவிட்டு, படிக்க நேரமே தராத கூட்டத்துக்குள் தள்ளுவது நியாயமான கண்டிப்பு அல்ல. அது பழைய கேமின் மிச்சம் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது என்பதன் அடையாளம். நல்ல ஆயுதம் அரிதாகவே விழுகிறது என்ற முறையீடும் பரவலாக எழுந்தது.

டிசம்பர் முடிவதற்குள் புள்ளிகளைத் திரும்பப் பெறும் கட்டணம் குறைந்தது. ஒரே பகுதிக்குள் நடுகல்லிலிருந்து நடுகல்லுக்குத் தாவும் வசதி வந்தது. 2025 ஏப்ரலில் வேட்டைக்காரி வகுப்போடு வந்த பதிப்பு எதிர்ப்பைச் சந்தித்தது. ஆட்டம் இழுக்கிறது என்று ஸ்டீமில் பாதகமான விமர்சனங்கள் குவிந்தன, நிறுவனம் அடுத்தடுத்துத் திருத்தங்களை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி நான்காம் அங்கம் வந்ததும் ஆடியதையே மறுபடி ஆடவைத்த ஏற்பாடு நீக்கப்பட்டது. இடைக்கதைகள் அந்த இடத்தை நிரப்பின. ஓட்டமும் அந்தப் பதிப்பில்தான் திரும்பி வந்தது. உருளும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாத்திரம் ஓடும். ஓடும்போது அடிபட்டால் குப்புற விழும்.