அச்சமும் துணையும்

அஞ்சத்தக்கதனை விட்டு விலகுதல் எல்லா உயிர்க்கும் இயல்பு. மக்கள் மட்டுமே விலகிய பின்னும் அதனைத் திரும்பிப் பார்க்க விழைகின்றனர். அதற்கெனப் பொருளும் செலவிடுகின்றனர். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பாட்டியாரின் பேய்க்கதைக்குச் செவிசாய்க்கும் சிறுவனும், தெருக்கூத்தில் நரசிங்கம் தூணைப் பிளந்து வெளிப்படும் வேளையில் தாயின் மடியிற் பதுங்கி விரலிடுக்கில் நோக்கும் குழந்தையும் இதற்குச் சான்றாவர். அச்சத்தை நுகர்வதிலும் ஓர் இன்பம் உண்டு. அவ்வின்பத்திற்கு இன்றியமையாதது, அஞ்சத்தக்க பொருளுக்கும் நமக்கும் இடையே உள்ள இடைவெளி. அவ்விடைவெளியை நீக்கிவிடும் யந்திரம் ஒன்று இந்நாளில் வந்துளது. அதனைப் பற்றியும், அதன் வாயிலாக யான் அறிந்த ஒன்றைப் பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

ஜப்பான் தேசத்து ஒசாகா நகரில் உள்ள காப்காம் நிறுவனத்தார் 1996-ஆம் ஆண்டில் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். உயிர்பிழைக்கும் திகில் விளையாட்டு என ஒரு தனிவகையின் பெயர் அதனோடு உலகிற் பரவிற்று. இவ்வகையில் வீரத்தினும் சிக்கனமே பெரிது. துப்பாக்கி உண்டு, குண்டுகள் சிலவே. காயத்திற்கு மருந்து உண்டு, அதுவும் சிறிதே. இவ்வரிசையில் நான்காவது விளையாட்டு ஷின்ஜி மிகாமி என்பவரின் இயக்கத்தில் 2005-ஆம் ஆண்டில் வந்தது. அதனையே முற்றும் புதிதாகச் சமைத்து 2023 மார்ச்சு 24-ஆம் நாள் மறுபடி வெளியிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 என்னும் தலைக்கருவியை அணிந்து அக்கதையினுள்ளேயே புகுந்து ஆடும் மெய்ந்நிகர் வகையையும் தனிக்கட்டணமின்றி அதனோடு சேர்த்தனர்.

கதை எளியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மகள் ஆஷ்லி என்பாள் கவர்ந்து செல்லப்பட, அவளைத் தேடி லியோன் என்னும் இளைஞன் ஸ்பெயின் தேசத்துச் சிற்றூர் ஒன்றை அடைகின்றான். ஊரார் உடலுள் ஓர் ஒட்டுண்ணி புகுந்து அவர்தம் அறிவைக் கவர்ந்துளது. சேட்லர் என்னும் சமயத் தலைவன் ஏவியவாறு அவர்கள் கோடரியும் கவைக்கோலும் ஏந்தி வருகின்றனர். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தனர். உள்ளே புகுந்து ஆட்டும் ஒட்டுண்ணியை அணங்கு எனலாம், ஓநாய் போலப் பாயும் நாய்கள் விலங்கு, ஆயுதம் ஏந்திச் சூழும் ஊரார் கள்வர்க்கு நிகர், ஏவுகின்றவன் இறை. தமிழ் இலக்கணத்தை ஒருபோதும் கேட்டறியாத ஒசாகா நகரத்தார் அந்நான்கனையும் ஒரே கதையில் அமைத்தமை, மக்கள் உள்ளம் எங்கும் ஒன்றே என்பதற்குச் சான்று.

சிறுவனாய் இருந்தபோது பழைய விளையாட்டை யான் கணினித் திரையில் ஆடியதுண்டு. புதியதனை ஆடும் வாய்ப்பு 2024-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் வந்தது. என் மாமன் மகன் ஓசூரில் வாடகை அறையொன்றில் தங்கி, நாடோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பணிக்குச் செல்பவன். தன் சேமிப்பைக் கொண்டு அவன் அக்கருவியை வாங்கியிருந்தான். அதனுள் இரு கண்ணுக்கும் தனித்தனியே ஒரு சிறு திரை உண்டு. இரண்டிலும் தோன்றும் காட்சிகள் சிறிதே வேறுபடுதலால், மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கொள்கின்றது. கருவியின் புறத்தே உள்ள நான்கு காமிராக்கள் தலையின் அசைவை அறிய, தலை திரும்பும் திசையெல்லாம் அவ்வூரும் திரும்புகின்றது.

யான் நிற்பது ஓசூர் என்பதை அறிவேன். காலடியில் சிமெண்டுத் தரை. சாளரத்திற்கு வெளியே சிப்காட் தொழிற்சாலைக்கு இரவுப் பணியாளரை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓசை. அறிந்திருந்தும், மரமறுக்கும் யந்திர வாளின் இரைச்சல் முதுகுப்புறம் எழுந்தபோது உள்ளங்கை வியர்த்தது. குண்டுக்கூட்டை இடுப்பிலிருந்து எடுத்துத் துப்பாக்கியிற் பொருத்த முயன்ற விரல்கள் நடுங்கின. மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, உடம்பில் தோன்றும் சத்துவம் என நான்கினை முறைப்படுத்துவர். இங்கே முதலாவதாகிய பொருளே இல்லை. ஆயினும் இறுதியதாகிய சத்துவம் குறைவற நிகழ்ந்தது. பொருள் இல்லை என்னும் அறிவு உடம்பை எட்டவேயில்லை.

பழைய விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை அப்பொழுது உணர்ந்தேன். பழையதில் லியோனின் தோளுக்குப் பின்னே நின்று நோக்குவோம். அவன் முதுகு எப்போதும் நம் கண்முன் இருக்கும். அதனை ஒருவன் நெருங்கினால் ‘ஐயோ, அவனைத் தாக்க வருகின்றனரே’ என்று அவன் பொருட்டு அஞ்சினேன். மெய்ந்நிகரில் அவன் முதுகு மறைந்துபோயிற்று; யானே அவனாயினேன். என் முதுகை யான் காண இயலாது. காண்பார் பிறரும் இலர். அவன் பொருட்டு எழுந்த அச்சம் இரக்கத்தோடு கலந்திருந்தது. என் பொருட்டு எழுந்ததோ வெறும் அச்சமாகவே நின்றது.

இவ்வெண்ணம் தெளிவுற்றது என் மாமாவினால். அவர் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை அடுத்த எங்கள் ஊரிற் கேழ்வரகு பயிரிடுபவர். பன்னேர்கட்டா வனத்திலிருந்து ஜவளகிரி, தளி வழியாக ஆண்டுதோறும் மழைக்காலத்தின் பின் யானைக்கூட்டங்கள் எங்கள் பக்கம் இறங்கும். சில சானமாவுக் காடு வரையிலும் சென்று, இரவில் நெடுஞ்சாலையையும் கடக்கும். அந்நாட்களில் கதிர் முற்றிய வயல்தோறும் பரண் அமைத்துக் காவலிருத்தல் வழக்கம். மகனுக்குக் கேழ்வரகு மாவு கொண்டுவந்த மாமாவின் தலையில் அவன் விளையாட்டாக அக்கருவியை அணிவித்தான்.

அவர் கைப்பிடிகளை இயக்க முயலவில்லை. அசையாது நின்றார், பின்பு மெல்லத் தலையைத் திருப்பி வலமும் இடமும் பின்னும் நோக்கினார், காற்றை முகர்ந்தார். “காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மாப்பிள்ளை? ஒன்றும் தெரியவில்லையே” என்றார். சிறிது பொறுத்து, “இந்தப் பிள்ளையோடு காவலுக்கு வந்தவன் எங்கே? இப்படி ஒற்றையாகவா அனுப்புவார்கள்?” என்று கேட்டுக் கருவியைக் கழற்றிவிட்டார். என் மாமன் மகன் மறுமொழி கூறவில்லை.

அவன் வாளாவிருந்ததன் காரணத்தை யான் அறிவேன். பரணில் எப்போதும் இருவர் இருப்பர். ஒருவர் காட்டை நோக்கியும் மற்றவர் ஊர்வழியை நோக்கியும் அமர்ந்து, ஒருவர் முதுகை மற்றவர் காப்பர். முன்னாளில் மாமாவுடன் இருந்தவன் அவர் மகனே. அவன் வேலைக்குச் சென்றபின் அயல்வீட்டு இளைஞன் வந்தான்; அவனும் தொழிற்சாலையில் இரவுப் பணியை மேற்கொண்டபின், இரண்டாண்டுகளாக மாமா தனியே பரணேறி வந்தார். அதனை அவர் எவரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, விளையாட்டைப் பற்றியே கேட்டார்.

அன்று மாலை நாங்கள் இருவரும் அவரோடு ஊருக்குச் சென்றோம். ஆறு இரவுகள் பரணில் இருந்தோம். நான்காம் இரவில் கூட்டம் வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதிரைப் பற்றி இழுக்கும் ஓசையும், காது வீசும் ஓசையுமே கேட்டன. திடுமெனக் காதோசை நின்றது. “நம்மை அறிந்துகொண்டன; அவையும் அஞ்சுகின்றன” என்று மாமா மெல்லக் கூறினார். நிலவொளியில் ஒரு தாய் தன் கன்றைக் கால்களின் இடையே தள்ளி மறைத்ததைக் கண்டேன். என் உள்ளங்கை ஓசூர் அறையில் வியர்த்தவாறே வியர்த்தது. ஆயினும் விரல்கள் நடுங்கவில்லை. என் முதுகுப்புறம் மாமன் மகன் அமர்ந்திருந்தான். தகரத்தைத் தட்டி மூவரும் குரல் கொடுத்தோம். சிறிது நேரத்தில் அவை காட்டை நோக்கித் திரும்பின. அரைக்காணிப் பயிர் அழிந்தது. உயிர் எதுவும் அழியவில்லை.

எங்கும் இவ்வாறே முடிவதில்லை. மறுஆக்கம் பெற்ற அவ்விளையாட்டு வெளியான அதே 2023 மார்ச்சு மாதத்தில், தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளிக்கு அருகே, சட்டத்திற்கு மாறாக இடப்பட்ட மின்வேலியிற் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் எஞ்சின. அச்செய்தியை எம்மூரார் பல நாள் பேசினர். வயலிலே துணையற்று நிற்கும் ஒருவனுக்கு இரவில் எழும் யோசனைகளுள் மின்வேலியும் ஒன்று என்பதை அவர்கள் அறிவர். தன் பொருட்டு மட்டுமே அஞ்சும் அச்சத்திற்கு எதிரே உள்ளது ஓர் உயிராகத் தோன்றாது. நீக்கத்தக்க இடராகவே தோன்றும். விளையாட்டில் அவ்வாறு கொள்வதால் தீங்கில்லை. அங்கே வருவோர் நம்மைத் தாக்குதற்கென்றே ஆக்கப்பட்டவர். வயலுக்கு வருவது பசியால் வருகின்றது. தன் கன்றின் பொருட்டு அஞ்சியும் வருகின்றது.

இதனால் அவ்விளையாட்டை யான் இகழ்ந்தேனல்லேன். ஓசூருக்கு மீண்டபின் அதனைத் தொடர்ந்து ஆடினேன். கதையின் ஒரு கட்டத்தில் லியோன் ஆஷ்லியைக் கண்டு மீட்க, அவள் உடன் வருகின்றாள். நெருங்கி வரவும் விலகி நிற்கவும் அவளுக்குக் குறிப்புக் காட்டுதல் வேண்டும். பகைவர் அவளைத் தூக்கிச் செல்லாது காத்தலும் வேண்டும். சுமை கூடியது, ஆயினும் நடுக்கம் குறைந்தது. அவள் பொருட்டு அஞ்சத் தொடங்கியபின் என் பொருட்டு அஞ்சுதற்கு நேரம் இல்லாதொழிந்தது. இவ்வுண்மையைக் கதை சமைத்தோரும் அறிந்திருந்தனர் என்றே எண்ணுகின்றேன்.

அச்சம் இழிவன்று, உயிரைக் காக்கும் அறிவின் முதற்படி அது. எனினும் தனியே சுமக்குங்கால் அது மனிதனைச் சுருக்குகின்றது; பிறரோடு சுமக்குங்கால் அவனை விழிப்புடையவன் ஆக்குகின்றது. எல்லைப்புறத்துத் தொழிற்சாலைகள் எங்கள் இளைஞர்க்கு ஊதியமும் உயர்வும் தந்துள்ளன. அதனை மறுப்பார் இலர். ஆனால் விளக்கொளி மிக்க அவ்வாலைகளுக்குத் தெற்கே, இருளில், இருவர் அமர வேண்டிய பரண்களில் ஒருவரே அமர்ந்துள்ளனர் என்பதனையும் நாம் மறத்தலாகாது. வரும் அறுவடைக்கு விடுப்பு வேண்டி மாமன் மகன் இப்பொழுதே எழுதியுள்ளான், யானும் செல்வேன்.