அரைப்பேரும் கணினி மொழியும்



‘கம்ப்யூட்டர் புரோகிராம்’ என்றதும், அது பெரிய படிப்புப் படித்தவர்களின் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஒதுங்கத் தேவையே இல்லை. ஒரு வேலையை எந்த வரிசையில் செய்வது, இன்னது நடந்தால் என்ன செய்வது, நடக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பதுதான் புரோகிராம். தமிழில் ‘நிரல்’ என்பார்கள். அதை எழுத உதவும் சொற்களும் இலக்கணமும் சேர்ந்தது நிரல்மொழி.

இந்த மொழிகளின் மேல் எனக்குச் சில வருடங்களாகவே தீராத ஆசை. வீட்டு வேலை முடிந்த இரவுகளில் ஒவ்வொன்றாகக் கற்று வருகிறேன். “பெண்பிள்ளைக்கு இது எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் நம் மலையகத்திலேயே இருக்கிறது.

ஹட்டனில் வாப்பா கடை வைத்திருந்த காலத்தில், சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சாமான் வாங்க வருவார்கள். “இந்த மாசம் நாலு நாளு அரைப்பேரு விழுந்திருச்சு மொதலாளி, மிச்சத்த அடுத்த சம்பளத்துல தர்றேன்” என்பார்கள். வாப்பாவும் கடன் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வது வழக்கம். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. இந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒரு பேச்சுக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ‘18 கிலோ ஆனால் முழுப்பேர், இல்லையென்றால் அரைப்பேர்.’ சகோதரிகளே, இதுவே ஒரு நிரல்தான்! கணினி வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே மலையில் இது ஓடிக்கொண்டிருந்தது.

இந்த விதியில் இல்லாதவற்றையும் பாருங்கள். அன்று மழை கொட்டியதா, வெயிலில் கொழுந்து கருகியதா, ஏற்றமான மலையா என்பது அதில் இல்லை. சாக்குக்கும் இலையின் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதும் இல்லை. கணக்கப்பிள்ளையிடமாவது நின்று வாதாடலாம். இதே விதியை ஒரு கருவிக்குள் எழுதிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கருவி ஓரவஞ்சனை செய்வதில்லை என்பது உண்மைதான். அது சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

ஆகவே ஒரு விதி எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் ‘அல்காரிதம்’ என்ற சொல் பிறந்தது. ஒரு வேலையை முடிக்கும் படிமுறைக்கு உலகம் இன்றும் அந்தப் பெயரையே சொல்கிறது. ‘அல்ஜப்ர்’ பற்றிய அவருடைய நூலில் கணிசமான பகுதி வாரிசுரிமைப் பங்குக் கணக்குகள். இன்றைய கணிதக் குறியீடுகள் ஒன்றுகூட இல்லாமல், முழுக்க முழுக்க வார்த்தைகளிலேயே அவர் எழுதினார். பங்கு பெறுகிறவர் தன் பங்கு எப்படி வந்தது என்று வரி வரியாகப் பின்தொடரலாம்.

இது பெண்களுக்கு ஒத்துவராத துறை என்று எண்ணிவிடாதீர்கள். தேயிலை வியாபாரத்துக்குப் பேர்போன லயன்ஸ் கம்பெனி, 1951 நவம்பரில் லண்டனில் ‘லியோ’ என்ற தன் சொந்தக் கணினியில் பேக்கரிக் கணக்கைப் போட்டது. அன்றாட வியாபாரக் கணக்குக்கு உலகில் முதன்முதலாகக் கணினி வந்தது இப்படித்தான். பின்னர் ஊழியர் சம்பளக் கணக்கும் அதில் ஏறியது. அதற்கு நிரல் எழுத 1952இல் சேர்ந்தவர் மேரி கூம்ப்ஸ் என்ற பெண்மணி. அவர் பட்டம் பெற்றது கணிதத்தில் அல்ல. பிரெஞ்சு மொழியிலும் வரலாற்றிலும்! மொழியில் தெளிவு இருந்தால் நிரலிலும் தெளிவு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம் தமிழுக்கு வருவோம். பெரும்பாலான நிரல்மொழிகளின் சொற்கள் ஆங்கிலம். அதில் ‘இஃப்’ என்ற சொல் முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். நாம் அப்படியா பேசுகிறோம்? ‘மழை பெய்தால்’ என்று நிபந்தனையை முதலில் சொல்லி, ‘ஆல்’ என்பதைக் கடைசியில் சேர்க்கிறோம். முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி இதைக் கவனித்திருக்கிறது. அதைப் பற்றி 2009இல் அவர் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அதில் நிபந்தனையை எழுதிவிட்டு, அதன் பின்னால் ‘ஆனால்’ என்று போட வேண்டும். மறுபக்கத்துக்கு ‘இல்லை’, இறுதியில் ‘முடி’. நம் அரைப்பேர் விதியை அதில் எழுதிப் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் அதை வாசித்தால், “மழை நாளைப் பற்றி ஒண்ணும் எழுதலையே?” என்று உடனே கேட்டுவிடுவார். ஆங்கிலச் சொற்களில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழாமலே போயிருக்கும்.

பிழைப்புக்கு ஆங்கிலச் சொற்கள் கொண்ட மொழிகளைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் முதல் பாடம் தாய்மொழியில் அமைந்தால், சொல்லை மனப்பாடம் செய்யும் சிரமம் இல்லாமல் பிள்ளையின் கவனம் முழுவதும் சிந்தனையில் நிற்கும்.

உங்கள் மகள் கணினியில் ஆர்வம் காட்டினால் தடுக்காதீர்கள். முதலில் ஒரு வீட்டுக் கணக்கை நிரலாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, “இதில் யாரை விட்டுவிட்டாய், மகள்?” என்று கேளுங்கள். நாளை அவள் ஒரு தோட்டத்தின் சம்பளக் கணக்கை எழுத நேர்ந்தால், அந்தக் கேள்வி அவள் காதில் ஒலிக்கட்டும்.