டூட்டி சந்தின் வீட்டு வாசல்

இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மாத்தளைப் பள்ளிக்கூட மைதானங்களில் வியர்க்க வியர்க்க ஓடுகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஒடிசா மாநிலத்தில் சாக்கா கோபால்பூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நெசவாளர் வீட்டில், நிறையப் பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவர் டூட்டி சந்த். அக்கா ஓடுவதைப் பார்த்துத்தான் இவருக்கும் ஓட்டத்தில் ஆசை வந்தது. வெறுங்காலோடு பழகினார். லயத்து அறையில் நெருக்கியடித்துப் படுத்தெழும்பி, சப்பாத்து இல்லாமல் ஓடி முதலாவதாக வருகிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார்.

2019 மே மாதம், தன் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் தான் விரும்புவதாக டூட்டி வெளிப்படையாகச் சொன்னார். இந்தியாவில் பேர்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. முகம் தெரியாத எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். வீட்டில் நடந்தது வேறு. தாய் ஏற்க மறுத்தார். ஊருக்கே மானக்கேடு என்று அயலவர்கள் பேசினார்கள். எந்த அக்காவைப் பார்த்து ஓடப் பழகினாரோ, அந்த அக்காவே எதிர்த்து நின்றார். மைதானத்தில் கேட்கிற ஏச்சை ஓடுகிறவர் காதில் போடாமல் ஓடிவிடலாம். சொந்த வாசலில் கேட்கிற ஏச்சைக் கேட்காமல் எங்கே ஓடுவது?

அதே வருடம் ஜூலையில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். "பார்த்தீர்களா, ஜெயித்துக் காட்டிவிட்டாள்" என்று மெச்சினார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. அன்று அவர் கடைசியாக வந்திருந்தால்? மனுசியாக மதிக்கப்பட ஒரு பெண் பதக்கம் கொண்டுவர வேண்டும் என்றால், பதக்கம் வாங்காத ஆயிரம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பின்னாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2023இல் நான்கு வருடத் தடையும் பெற்றார். அதைக் கேளுங்கள், கண்டியுங்கள். ஓட்டக்காரரிடம் ஓட்டத்தைப் பற்றிக் கேட்க இரசிகர்களுக்கு உரிமை உண்டு. அவர் யாரோடு வாழ்கிறார் என்பது அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 2014இல் உடம்பில் ஆண் ஹார்மோன் அதிகம் என்று சொல்லி டூட்டியைப் பொதுநலவாயப் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2015இல் அந்த விதியை இடைநிறுத்த வைத்தார். அதற்கு முன்பே புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையால் இழந்தார். பிறகு செங்கல் சூளையில் வேலை செய்தார். புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். சாந்தி எங்களுக்கு அந்நியப் பெண்ணல்ல. அவர் பட்டது உடம்பைப் பற்றிய விசாரணை. டூட்டி 2019இல் சொன்னது மனம் யாரை நாடுகிறது என்பது. இரண்டும் வெவ்வேறு. ஆனால் கூட்டம் இரண்டுக்கும் ஒரே வசவைத்தான் வைத்திருக்கிறது. கேட்ச் தவறவிட்ட பொடியனைப் பார்த்து நீங்கள் கத்துகிறீர்களே, அதே வசவு.

இங்கிலாந்தில் ஜஸ்டின் ஃபஷானு என்றொரு உதைபந்தாட்ட வீரர். 1981இல் பத்து இலட்சம் பவுணுக்கு ஒரு கழகம் அவரை வாங்கியது. கறுப்பின வீரர் ஒருவருக்கு அந்த விலை அதற்கு முன் கிடைத்ததில்லை. தான் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று 1990இல் சொன்னார். அவருடைய தம்பி ஜோனும் பேர்பெற்ற ஆட்டக்காரர்தான். அந்தத் தம்பி ஊரறிய அண்ணனைக் கைவிட்டார். 1998இல் ஜஸ்டின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 37. ஒரு மரணத்துக்குக் காரணங்கள் பல இருக்கும், தம்பிமேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆனாலும் கூடப் பிறந்தவன் பக்கத்தில் நின்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நின்றவர்களும் உண்டு. இங்கிலாந்து விக்கெட் காப்பாளர் ஸ்டீவன் டேவிஸ், தான் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று முதலில் வீட்டாரிடம் சொன்னார், பிறகு பயிற்சியாளரிடமும் அணியிடமும். 2011இல் உலகத்துக்குச் சொன்னார். அணியினர் அவரை ஒதுக்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் கவுண்டி கிரிக்கெட் ஆடினார். ஆஸ்திரேலியப் பெண்கள் கிரிக்கெட் அணியின் அலெக்ஸ் பிளாக்வெல் 2013இலேயே வெளிப்படையாகச் சொன்னவர். 2016 செப்டம்பரில் அந்த அணி இலங்கைக்கு வந்து எங்கள் தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் ஆடியபோது அவர்தான் உப தலைவி. ஒரு வானமும் இடிந்து விழவில்லை.

வெளிநாட்டுக்காரருக்குச் சரி, எங்கள் பிள்ளை ஒன்று சொன்னால்? நம் நாட்டில் ஒருபாலார் உறவைக் குற்றமாக்குகிற, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன சட்டம். 1995இல் நாங்களே திருத்திப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தோம். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கே இதே மாதிரியான 377ஆம் பிரிவிலிருந்து இந்த உறவை விடுவித்தது. இங்கே அதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அந்தச் சட்டமூலமும் காலாவதியானது.

அதனால் பிள்ளைகளே, "நீயும் டூட்டி மாதிரி வெளியே சொல்லிவிடு" என்று யாரையும் உசுப்பாதீர்கள். சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. ஒரு தோழனோ தோழியோ உங்களை நம்பிச் சொன்னால், அதை இன்னொருவர் காதில் போடாதீர்கள். மாஸ்டரிடமோ வீட்டிலோ சொல்ல வேண்டியிருந்தால் அவரே சொல்லட்டும். துணைக்குக் கூப்பிட்டால் கூடவே போங்கள். மறுநாள் பயிற்சியில் முன்பு போலவே அவருக்குப் பந்தைப் போடுங்கள், தொடரோட்டத்தில் கோலை நீட்டுங்கள். டீம் கேப்டனாக இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மேட்சில் உங்கள் பக்கத்திலிருந்து அந்த வசவு கிளம்பினால், நடுவரை எதிர்பார்க்காமல், கத்தியவனை நீங்களே பெயர் சொல்லி நிறுத்துங்கள்.