முகமூடி போடாத இரண்டு பேர்

டிம் பேர்ட்டன் 1992 இல் எடுத்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் நத்தார்ப் பனி இருக்கிறது, இருண்டுபோன கொதம் நகரம் இருக்கிறது, சாக்கடையில் வளர்ந்த பென்குயின் இருக்கிறான். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறது புரூஸ் வெய்னையும் செலீனா கைலையும்தான்.

செலீனா, மக்ஸ் ஷ்ரெக் எண்ட பெரிய முதலாளியின் செயலாளர். அவனுடைய களவைக் கண்டுபிடிச்சதுக்காக ஜன்னலால் தள்ளிவிடப்படுகிறாள். உயிர் தப்பி வீட்டுக்கு வந்து, எல்லாத்தையும் அடிச்சு உடைச்சு, கறுப்புக் கோட் ஒன்றை வெட்டித் தைச்சுக் கேட்வுமன் ஆகிறாள். அந்த உடுப்பின் வெள்ளைத் தையல்கள் காயத்தழும்பு மாதிரியே இருக்கும். பகலில் இவளும் புரூஸும் காதலர், இரவில் எதிரிகள். ஆர் ஆரெண்டு இரண்டு பேருக்கும் தெரியாது.

பிறகு அந்த மாறுவேட விருந்து. மண்டபம் முழுக்க முகமூடிகள். இவை இரண்டு பேர் மட்டும் வெறும் முகத்தோட வந்திருக்கினம். ஏனெண்டால் அவையின்ர வெறும் முகம்தான் வேஷம். ஆடிக்கொண்டிருக்கேக்க, முன்னொரு இரவு கூரையில் முகமூடியோட பேசின அதே வார்த்தைகள் வாய்தவறி வருகின்றன. இரண்டு பேருக்கும் விளங்கிவிடுகிறது. இனிச் சண்டை பிடிக்கவேணுமோ எண்டு செலீனா கேட்கிற இடத்தில் மிஷெல் ஃபைஃபரின் முகத்தைப் பார்த்து நாங்கள் அழாத நாளில்லை.

முடிவில் புரூஸ் தன்ர முகமூடியைக் கிழிச்செறிஞ்சு, ஷ்ரெக்கைப் பொலிசில் குடுத்திட்டு ஒன்றாய் வீட்டுக்குப் போவம் எண்டு கெஞ்சுகிறான். அவள் மறுக்கிறாள். முதல்தரம் பார்த்தபோது எங்களுக்குச் சரியான கோபம். "இவளுக்கென்ன விசரோ?" எண்டு கத்தினோம். நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் அந்த இடத்தில் கதாநாயகி ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள்தானே.

பிறகுதான் எங்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி வந்தது: நகரத்தையே கைக்குள் வைச்சிருக்கிறவனைச் சட்டம் என்ன செய்யும்? அவள் கேட்டது நியாயம். புரூஸ் குடுக்க வந்தது காதல். காதல் உண்மைதான், ஆனால் அது மற்றதுக்கு ஈடில்லை. அவனோட போனால் தன்னோடயே வாழேலாது எண்டு அவளுக்குத் தெரியும்.

ஒருத்தி காதலிச்சால் நடந்ததெல்லாத்தையும் மறந்திடுவாள் எண்டு நாங்களும் எதிர்பார்த்திருக்கிறம். அது வெட்கமாய்த்தான் இருக்கு.

இப்பவும் இவை சேரவேணுமெண்டுதான் ஆசை. ஆனால் கடைசியில் புரூஸ் ஒரு பூனையோட காரில் போகேக்க, நாங்கள் அவளில் கோபப்படுகிறதில்லை.