வேரா பெட்டியில் ஒரு பகல்

வெள்ளி, காலை

லண்டன் விக்டோரியா நிலையம். ஜீன்ஸும் ஓட்டக் காலணியும் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இவர் மாப்பிள்ளையின் கோட்டை மாட்டிக்கொண்டார். நான் அரக்குப் பட்டு. இந்த ரயிலில் ஒரு பகல், பணி ஓய்வுக்கு மகள் தந்த பரிசு. ஆளுக்குப் பல நூறு பவுண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே அம்மா என்றாள், பார்த்துவிட்டேன்.

ரயிலின் பெயர் பிரிட்டிஷ் புல்மேன். பழுப்பும் வெண்ணெய் நிறமுமான பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: ஐபிஸ், மினர்வா, ஸீனா, பெர்சியஸ். ஐபிஸ் 1925இல் கட்டியது. பெர்சியஸ் 1965இல் சர்ச்சிலின் இறுதி ஊர்வல ரயிலில் போனது. எங்களுக்குக் கிடைத்தது வேரா.

முற்பகல்

கென்ட் வயல்கள் ஓடுகின்றன. நான் சன்னலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறேன். வெவ்வேறு நிற மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, வெட்டி, ஒட்டிச் செய்த சித்திரம்: பனைகளுக்கு நடுவே பாயும் மான். தூரிகை படாத ஓவியம். கையால் தடவினால் ஒட்டிய இடம் தெரியவில்லை.

வேரா 1932இல் பிறந்தவள். லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் ஓடிய ‘பிரைட்டன் பெல்’ மின்சார ரயிலின் பெட்டி. 82 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். 1940இல் இதே விக்டோரியாவில் குண்டுவீச்சில் அடிபட்டு, பழுது பார்த்து மறுபடி ஓடினாள். நடிகர் லாரன்ஸ் ஒலிவியே அந்த ரயிலின் வாடிக்கைப் பயணி. காலை உணவில் புகையூட்டிய மீனை நிறுத்தியதும் சண்டைக்கே போய்விட்டார். ரயில் 1972இல் நின்றது. வேரா ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் போய்க் கிடந்தாள்.

அமெரிக்கத் தொழிலதிபர் ஜேம்ஸ் ஷெர்வுட் 1977இல் மான்டே கார்லோ ஏலத்தில் இரண்டு பழைய பெட்டிகளை வாங்கி, பிறகு தேடித்தேடி மற்றவற்றையும் சேர்த்தார். 1982இல் இந்த ரயிலின் முதல் ஓட்டம். வேரா பின்னால் வந்து சேர்ந்தவள்.

பிற்பகல்

சாப்பாடு பல சுற்று. சைவம் என்று முன்பே சொல்லியிருந்ததால் குறையில்லை, காரம்தான் இல்லை. பணியாளர் ஓடும் வண்டியில் சூப் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. இவர் கோட்டோடு தூங்கிவிட்டார்.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. அன்றைய பிரைட்டன் பெல்லில் மூன்றாம் வகுப்பும் உண்டு. கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுத்தால் குமாஸ்தாவும் ஏறலாம், இறங்கி வேலைக்குப் போகலாம். இன்று இது எங்கும் போகாத ரயில். கென்ட்டைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட நிலையத்துக்கே திரும்புகிறது. இதைப் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடகம் என்றால் சரி. ஆனால் இந்த நாடகத்துக்குப் பணம் கொடுக்க ஆளில்லை என்றால் அந்த மான் தோட்டத்து மழையில் உப்பிப் போயிருக்கும். மரச்சித்திரத்தைப் பழுது பார்க்கும் தச்சருக்கு வேலை இருப்பதும் இந்தக் காசில்தான்.

இரவு

மகள் கேட்டாள், எப்படி இருந்தது என்று. கொடுத்த காசு சாப்பாட்டுக்கு அதிகம், சுவருக்குக் குறைவு என்றேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: எந்தப் பெட்டியில் இடம் கிடைத்தாலும் உட்கார்ந்ததும் எழுந்து கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தரையெல்லாம் மொசைக் சித்திரம். சாப்பாடு தொடங்கிவிட்டால் அங்கே வரிசை நிற்கிறது.